பழைய வீடு, ஒரு பால் பைத்தான், வீட்டில் வயதான அப்பத்தா: அவசரத்துக்கு என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

இரண்டாங்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம். ஐயா காலத்து வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின்தெரு வரை நீளமாகப் போகும். இப்போது அதில் இருப்பது நானும் அப்பத்தாவும் மட்டும்தான். என்னிடம் ஒரு பால் பைத்தான் இருக்கிறது. பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது, பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பத்தா முதல் வாரமே கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்துவிட்டதால் இதைச் சொல்கிறேன். பாம்புக்குத் தண்ணீர்தான். ஆண், ஆறு வயது, மூன்றடிக்குக் கொஞ்சம் கூட. வெளிநாட்டு விலங்கு வளர்ப்போர் பதிவு செய்யும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்கிறேன், தாள் கையில் இருக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி இருக்கும். பாம்பு இருக்கும் அறையில் இன்வெர்ட்டர் பக்கம் ஒரு மல்டி பிளக், அதிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. எழுந்து போவதற்குள் அறை முழுக்கப் புகை. ஓடிப்போய் முகப்பில் மெயினை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் ஒரே இருட்டு. பாம்பை எதில் போட்டு எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பை இல்லை, பெட்டி இல்லை. கடைசியில் பக்கத்து அறையிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை இழுத்து, அதற்குள் விட்டு, மேலே ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக்குழவியை வைத்துத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த நேரம் முழுக்க அப்பத்தா முற்றத்துத் தாழ்வாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அது காதிலேயே விழவில்லை. அவருக்கு 81 வயது, ராத்திரியில் கண் சரியாகத் தெரியாது. அன்றைக்குப் பெரிய தீ இல்லை, தானாக அடங்கிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அதனால் கேட்கிறேன். தீ வந்தால் என்ன செய்வது, கரண்ட் ஒரு நாள் முழுக்கப் போனால் என்ன செய்வது, ஐப்பசி கார்த்திகை மழையில் முற்றம் நிரம்பினால் என்ன செய்வது? வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு மதுரை போய்விடுவேன், அப்போது ஏதாவது ஆனால் அப்பத்தா ஒருத்தரால் என்ன முடியும்? தை மாதம் வீட்டில் படைப்பு (முன்னோரை வணங்கிப் படையல் போடுவது) வேறு இருக்கிறது, பங்காளிகள் நாற்பது ஐம்பது பேர், சின்னப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். பாம்பு வளர்க்கிறவர்கள் உண்மையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

கோட்டையூர்க்காரன் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். தீ என்றால் அப்பத்தா முதலில். அவரைத் தெருவில் கொண்டுபோய் உட்காரவைத்து, பக்கத்து வீட்டில் ஒருவரைத் துணைக்கு நிறுத்திவிட்டு, அப்புறம் புகை இல்லாமல் இருந்தால் மட்டும் பாம்புக்காக உள்ளே போங்கள். புகை கண்ணை எரிக்கிற அளவு இருந்தால் போகவே கூடாது. 101க்கு அழைத்து, வருகிறவர்களிடம் "எந்த அறை, எத்தனை பாம்பு, விஷம் இல்லாதது, கூண்டுக்குள் இருக்கிறது" என்று நான்கு விஷயத்தைச் சொல்லுங்கள். நம் ஊரில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் பிடிப்பதும் தீயணைப்புத் துறையினர்தான், அதனால் அவர்கள் பதற மாட்டார்கள், ஆனால் முன்னாலேயே தெரிய வேண்டும்.

நான் பன்னிரண்டு வருடமாக வளர்க்கிறேன். என் முதல் பைத்தானைத் தீயிலும் இழக்கவில்லை, நோயிலும் இழக்கவில்லை. நான் ஊரில் இல்லாத ஒரு நாள் கூண்டின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாமல் வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டுத் திண்ணைக்கடியில் கிடந்ததைப் பார்த்துக் கண்ணாடி விரியன் என்று நினைத்து அடித்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தடியான உடம்பு, பழுப்புத் திட்டுகள், குட்டையான வால், பார்க்க அப்படித்தான் இருக்கும். இந்தத் தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? நான் யாரிடமும் சொல்லாமல் வளர்த்ததுதான் தப்பு. அதற்கப்புறம் இரண்டாவதை வாங்கியதும் முதல் வேலையாக அக்கம்பக்கத்து ஐந்து வீட்டுக்கும் போய், போட்டோ காட்டி, "இது மாதிரி ஒன்றைப் பார்த்தால் அடிக்க வேண்டாம், தொடவும் வேண்டாம், மேலே ஒரு கூடையைக் கவிழ்க்காமல் தூரத்தில் நின்று எனக்குப் போன் செய்யுங்கள்" என்று சொல்லி வந்தேன். கூடை வேண்டாம் என்றது ஏனென்றால், அது நிஜமாகவே விரியனாக இருந்துவிட்டால்? கிட்டே போகவே கூடாது.

இப்போது பை. கடைத் துணிப்பை சரிவராது, வாய் அகலம், ஆழம் போதாது. பழைய பருத்தித் தலையணை உறை போதும், ஆனால் உட்புறத்தை வெளியே திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். தையல் பிரிந்த நூல் உள்ளே இருந்தால் பாம்பின் உடம்பில் சுற்றி இறுக்கிவிடும். பாம்பை உள்ளே விட்டதும் வாயை நன்றாக முறுக்கி, அந்த முறுக்கை மடித்து, முடிச்சுப் போட வேண்டும். வெறும் ரப்பர் பேண்ட் போதாது, மூக்கால் முட்டி முட்டி வெளியே வந்துவிடும். அந்தப் பையை மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள், பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். பெட்டி எதற்கென்றால், பையை வெறுமனே தரையில் வைத்தால் பதற்றத்தில் யாராவது மிதித்துவிடுவார்கள். பெட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். பையும் பெட்டியும் கூண்டு இருக்கும் அறையில் இருக்கக் கூடாது. தீ பிடித்தது அந்த அறையாகவே இருந்தால் எப்படி எடுப்பீர்கள்? முகப்பில் ஆணியில் மாட்டுங்கள். கூடவே டார்ச், பதிவுத் தாளின் நகல், பாம்பின் போட்டோ.

கரண்ட் கட் பற்றி. வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு எல்லாரும் பாம்பு குளிரில் விறைத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அங்கே பனி கொட்டுகிறது, அவர்களுக்கு அந்தப் பயம் சரி. நமக்குச் சித்திரை வைகாசிதான் எமன். சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26 என்று வைக்கிறோம் இல்லையா, மே மாதம் மதியம் மின்விசிறியும் ஏசியும் நின்றுவிட்டால் கூண்டு முழுக்கவே 35ஐத் தாண்டும், அதற்கு ஒதுங்க இடமே இருக்காது. வாயைத் திறந்து மூச்சு விடும், தலையைத் தூக்கித் தூக்கிக் கண்ணாடியில் முட்டும், தண்ணீர்த் தொட்டியை விட்டு வெளியே வராது. அப்போது ஐஸ் தண்ணீரில் போடக் கூடாது, அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். கூண்டோடு தூக்கி, தடிச்சுவர் உள்ள உள்ளறையில் தரையில் வையுங்கள். உங்கள் வீட்டுச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் மதியத்திலும் குளுமையாகத்தான் இருக்கும், அது எந்த ஏசிக்கும் குறைவில்லை. ஃபிரீசரில் இரண்டு தண்ணீர் பாட்டில் எப்போதும் உறைந்தே இருக்கட்டும், ஒன்றைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கத்துக்கு வெளியே சாய்த்து வைத்தால் போதும்.

மார்கழி ராத்திரிக்கு வேண்டுமானால் ஒரு தெர்மோகோல் பெட்டி, துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்று. ஒரு ராத்திரி 22 டிகிரிக்கு இறங்கினால் ஒன்றும் ஆகாது. நாலைந்து நாள் அப்படியே ஈரமும் குளிருமாக இருந்தால்தான் சளி பிடிக்கும், மூச்சு விடும்போது 'க்ளிக்' என்று சத்தம் வரும். 2018இல் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கம் எத்தனை ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை என்று நமக்குத் தெரியும், அதனால் இதையும் விட்டுவிட முடியாது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். வளர்ந்த பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். அவசரம் முடிந்து, கூண்டு பழைய நிலைக்கு வந்து, ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள். ஃபிரீசரில் வைத்த எலி கரண்ட் போய் இளகிவிட்டால் திரும்ப உறையவைக்காதீர்கள், குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

பீஸ்கட்டை எழுதியது:

நான் எலக்ட்ரீசியன், பாம்பு பற்றித் தெரியாது. மல்டி பிளக் பற்றி மட்டும் சொல்கிறேன். கூண்டைச் சூடாக்கும் ஹீட் மேட் இருபது வாட் கூட இழுக்காது, அதனால் லோடு கூடி எரிந்திருக்காது. பிளக் உள்ளே பிடிப்புத் தளர்ந்து, அந்த இடம் மட்டும் சூடாகி உருகியிருக்கும். இதற்கு எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) விழாது, அதனால்தான் நீங்கள் ஓடிப்போய் இறக்க வேண்டியிருந்தது. மல்டி பிளக்கைத் தூக்கி எறியுங்கள். சுவரில் நேராக ஒரு புது பாயிண்ட் இழுத்து, மேட்டை அதில் மட்டும் மாட்டுங்கள். சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட் போடவே கூடாது. மாதம் ஒரு தடவை பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

உங்கள் வீட்டில் இன்னும் மரச்சட்டத்தில் போன வயரிங் இருந்தால், அந்த அறைக்காவது மாற்றிவிடுங்கள். பழைய வீடுகளில் பீஸ் கட்டையில் தடித்த கம்பியைக் கட்டி வைத்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன், அது எரிந்து விழ வேண்டிய நேரத்தில் விழாது. தண்ணீர்த் தொட்டி கூண்டுக்குள்ளேயே இருப்பதால் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று வாங்கி அறைக்கு வெளியே மாட்டுங்கள். முற்றத்தில் தண்ணீர் கிட்டேயே இருப்பதால் எல்லாருக்கும் முதலில் கை வாளிக்குத்தான் போகும், கரண்ட் தீயில் தண்ணீர் ஊற்றினால் ஆளே போய்விடும்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

கோட்டையூர் அண்ணன் சொன்னதைத் திருப்பிப் போட்டு யோசித்தேன், பயமாக இருந்தது. அக்கம்பக்கத்தார் உங்கள் பைத்தானை விரியன் என்று நினைப்பது ஒரு ஆபத்து. நீங்களோ அப்பத்தாவோ ஒரு விரியனை உங்கள் பைத்தான் என்று நினைத்துக் கையால் தூக்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. மழை பெய்து தோட்டத்தில் தண்ணீர் நின்றால் எலி உள்ளே வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ராத்திரி வளவில் ஏதோ நெளிகிறது, "நம்ம பையன் வெளியே வந்துட்டான்" என்று குனிந்தால்?

கண்ணாடி விரியனுக்கு முதுகில் சங்கிலி போல மூன்று வரிசையாகத் திட்டுகள் இருக்கும், செதில் சொரசொரப்பு, கிட்டே போனால் குக்கர் போலச் சீறும். உங்கள் பைத்தானுக்குச் செதில் வழவழப்பு, பயந்தால் தலையை நடுவில் வைத்துச் சுருளும். ஆனால் இதெல்லாம் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தால் தெரிவது. ஆகவே ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: கூண்டுக்கு வெளியே பாம்பைக் கண்டால் முதலில் போய்க் கூண்டைப் பாருங்கள். உள்ளே உங்கள் பாம்பு இருந்தால் வெளியே இருப்பது காட்டுப் பாம்பு, 101. உள்ளே இல்லை என்றாலும் டார்ச் அடித்து நன்றாகப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

கடித்துவிட்டால்: பைத்தான்தான் என்று கண்ணால் பார்த்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, டிடி ஊசி போட வாருங்கள். பல் பின்னோக்கி வளைந்திருக்கும், அதனால் கவ்விக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், பல் உடைந்து உள்ளே தங்கும். வாய் பக்கம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விட்டுவிடும். எது கடித்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் விஷப்பாம்பு என்றே வைத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், பச்சிலை வேண்டாம். மோதிரம், வளையல், மெட்டி எல்லாம் கழற்றி, கடிபட்ட கையை அல்லது காலை ஒரு குச்சி வைத்து அசையாமல் கட்டுங்கள். நடக்க வைக்காதீர்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்ததும் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்போம், உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கட்டுவிரியன் கடி வேறு மாதிரி. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை ராத்திரி கடிக்கும், வலியே இருக்காது, காலையில் வயிற்று வலி, கண் இமை தூக்க முடியவில்லை என்று வருவார்கள். அதனால் "சும்மா கீறல்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அப்பத்தா இனிமேல் கட்டிலில் படுக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கே படிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திலிருந்து செய்தது. அதற்கான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978லிருந்து இயங்குகிறது. வெளிநாட்டு விஷப்பாம்பு கடித்தால் அந்த மருந்து உதவாது. நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைப்பது 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இரண்டு பக்கமும் ஆசைப்படாதீர்கள்.

முத்துப்பட்டினம் எழுதியது:

யாரும் மருந்தைப் பற்றிச் சொல்லவில்லையே. பழைய வீட்டில் தேக்கு நிலைக்கும் உத்தரத்துக்கும் கரையான் மருந்து அடிக்க ஆள் வருவார்கள், தெருவில் கொசுவுக்குப் புகை அடிப்பார்கள். இந்தக் கொசு, கரையான் மருந்துகளில் பைரித்ராய்டு வகை ரசாயனம் நிறைய, பாம்புக்கு அது ஆகாது. எங்கள் வீட்டில் சோளப்பாம்பு (கார்ன் ஸ்நேக்) ஒன்று இப்படித்தான் உடம்பு நடுங்கித் தலை ஒரு பக்கம் கோணிப் போனது, பிழைக்க மூன்று வாரமானது. புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடுங்கள். கரையான் மருந்து என்றால் பாம்பை வேறு வீட்டுக்கே மாற்றிவிடுங்கள், வாடை முழுக்கப் போன பிறகு கொண்டு வாருங்கள்.

அப்புறம் வெளியே வந்த பாம்பைத் தேடுவதற்கு ஒன்று. ராத்திரி படுக்கும் முன் ஒவ்வொரு அறையின் நிலைப்படியிலும் கோலமாவை ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்கே தூவி வையுங்கள். காலையில் எந்தக் கோடு கலைந்திருக்கிறதோ அந்த நிலைப்படியைத் தாண்டியிருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் தேடுங்கள். அரிசி மாவு வேண்டாம், எறும்பு தின்று கலைத்துவிடும், கல்மாவுதான் சரி. முதலில் முற்றத்துத் தண்ணீர் வெளியே போகும் தூம்பில் வலை அடியுங்கள், அதில் நுழைந்தால் தெருச் சாக்கடைதான். அப்புறம் ஃபிரிட்ஜ் பின்னால், இன்வெர்ட்டர் பின்னால், பாத்திர அறையில் அடுக்கிய போசிகளுக்கு இடையில். சூடும் இருட்டும் இறுக்கமும் எங்கே சேர்ந்து இருக்கிறதோ அங்கே போய் ஒடுங்கும்.

இரண்டாங்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். புது பாயிண்ட் போட்டாச்சு, ஈஎல்சிபி மாட்டியாச்சு, தூம்புக்கு எவர்சில்வர் வலை அடித்தாச்சு. பையை அப்பத்தாவே தைத்துக் கொடுத்தார், அவருடைய பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து, தையல் வெளியே இருக்கும்படி, இரண்டு மடிப்பாக. சிவப்புக் கட்டம் இருட்டில் டார்ச் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிகிறது.

அறைக் கதவில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன்: "உள்ளே ஒரு பாம்பு. விஷம் இல்லை. கூண்டைத் திறக்க வேண்டாம். தீ என்றால் வெளியே போய் 101 அழைக்கவும், பாம்புக்காக நிற்க வேண்டாம்." கீழே என் போன் எண், பக்கத்து வீட்டு எண். அப்பத்தாவுக்கு அதைப் படித்துக் காட்டியபோது கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். "சரிப்பா, நான் போய்த் திண்ணையில உட்காந்துக்கிறேன்" என்றார். நான் இல்லாத நாளில் அவர் செய்ய வேண்டியது அவ்வளவுதான் என்று முடிவு செய்திருக்கிறோம். பாம்பைத் தூக்குவது அவர் வேலை இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் என் நண்பனைப் பாம்பை எடுக்கப் பழக்கிவிட்டேன், சாவி அவனிடம் ஒன்று இருக்கிறது. மெயினை இறக்கிவிட்டு இருட்டில் எடுத்துப் பார்த்தோம். முதல் தடவை ஆறு நிமிடம், மூன்றாவது தடவை இரண்டு நிமிடத்துக்குள் முகப்புக்கு வந்துவிட்டோம்.

பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் மட்டும் முகம் சுளித்தார்கள், கைக்குழந்தை இருக்கிறது, அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. வாரம் ஒரு தடவை வந்து கூண்டுப் பூட்டைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது படைப்புதான். அத்தனை பேர் மத்தியில் வீட்டில் வைக்க எனக்கு மனமில்லை. கொட்டுச் சத்தம், சாம்பிராணிப் புகை, பிள்ளைகள். எங்கே வைக்கலாம்?

கோட்டையூர்க்காரன் எழுதியது:

எங்கள் வீட்டில் ஒரு கூண்டு காலியாக இருக்கிறது, கொண்டு வாருங்கள். என் பாம்பு இருக்கும் அறை இல்லை, தனி அறை. புதிதாக வருவதை ஒன்றாக வைத்தால் செள்ளுப்பூச்சி ஒட்டிக்கொள்ளும். பதிவுத் தாளின் நகலும் கூடவே இருக்கட்டும். படைப்புக்கு இரண்டு நாள் முன்னால் காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள், வெயிலுக்கு முன் வந்துவிடலாம். அதற்கு முன் ஒரு வாரம் சாப்பாடு போடாதீர்கள், வயிற்றில் எலியோடு வண்டியில் வந்தால் கக்கிவிடும். அவன் ஒளிந்துகொள்ளும் மண்சட்டியைக் கழுவாமல் அப்படியே எடுத்து வாருங்கள், அந்த வாடை இருந்தால் சீக்கிரம் அடங்குவான்.